ஈயம் கக்கிய எரிமலை

பேராசிரியர் தாண்டவராயன் அரைத்துச் சோதித்த பழைய எரிமலைக் கல் துணுக்குகளில் ஈயம் மிக அதிகமாக இருந்தது.

"இது புது எரிமலை! என் பெயரைத்தான் வைக்கணும்," என்றார். ஆராய்ச்சி மாணவி இன்பவல்லியைக் கூப்பிட்டார். "அது எங்கே இருந்ததுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ளே சொல்லு. இல்லேன்னா உன் பட்டத்துக்கு என் கையெழுத்து கிடையாது."

வெள்ளிக்கிழமை அவள் வேறொரு கல்லை அரைத்துச் சோதித்த முடிவை நீட்டினாள்.

"அதே ஈயம்! அதே எரிமலை! கல் எங்கே கிடைச்சுது?"

"நம்ம காலேஜ் வாசல்ல கொட்டின ஜல்லி, சார்."

"உளறாதேம்மா!"

"ஆயுத பூஜைக்கு அரவை இயந்திரத்துக்கு உள்ளேயும் குங்குமம் அப்பினீங்களே, சார். அந்தக் குங்குமத்தையும் சோதிச்சேன். ஈயம் அதில்தான்."

பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்போ என் எரிமலை?"

"துடைச்சிட்டேன், சார்."