சீப்புக் கட்சிக்காரர்கள் ஓட்டைப் பிரித்த கதை

மட்டியூர் என்று ஓர் ஊர். வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போட வந்தவருக்கு வழி சொன்னதே அந்த ஊர்க்காரர்கள்தான்.

அங்கே எல்லாமே ஓட்டு வீடு. மழைக்கு முன்னால் ஓட்டைப் பிரித்து மாற்றுவதும், குரங்கு வந்து ஓட்டைப் பிரித்தால் விரட்டுவதும்தான் ஊரின் பெரிய வேலை. ஆகவே மட்டியூரில் யாராவது ‘ஓட்டை’ என்று வாயெடுத்தால் எல்லாரும் கூரையைத்தான் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. சீப்புக் கட்சிக்கும் கரண்டிக் கட்சிக்கும் நாடு முழுக்க இழுபறி. சீப்புக் கட்சித் தலைவர் ஆளவந்தாருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. அது உட்கட்சி விவகாரம், நமக்கெதற்கு? இரண்டு கட்சிகளின் தேர்தல் அறிக்கையையும் ஒரே அச்சகத்தில் அடித்தார்கள். அச்சகத்துக்காரர் அட்டையை மாற்றி ஒட்டிவிட்டார். இரண்டு தலைவர்களும் கைக்கு வந்ததை உயர்த்திப் பிடித்து, “வரலாறு காணாத அறிக்கை” என்று முழங்கினார்கள். இன்று வரை இரண்டு கட்சியிலும் ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. பிரித்துப் பார்த்தால்தானே?

மட்டியூர் அடங்கிய தொகுதிக்குச் சீப்புக் கட்சி வேட்பாளர் கதிர்காமநாதன். பாவம், மூட்டுவலிக்காரர். தலை நரைக்கும் வரை சீட்டுக் கேட்டுக் கேட்டு இப்போதுதான் கிடைத்தது. ஆளவந்தார் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்தத் தொகுதி போனா எனக்குப் பிரதமர் பதவி போச்சு. ஜெயிச்சா நீ மந்திரி. தோத்தா என் முகத்துலயே முழிக்காதே” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு கல்யாண மண்டபத்தில் செயல்வீரர் கூட்டம். ஆளவந்தார் மேஜையைக் குத்திப் பேசினார்.

“கொள்கையை எந்தக் காரணத்தைக் கொண்டும் விட்டுக் கொடுக்காதீங்க! நாம வேட்பாளரை நிறுத்தியிருக்கோம், அவர் உட்கார்ந்துட்டார்னு ஒருத்தன் சொல்லக் கூடாது! கரண்டிக்காரன் ஓட்டைப் பிரிங்க! நம்ம ஓட்டை ஒண்ணுகூட வீணாக்காதீங்க!”

முன்வரிசையில் மட்டியூர்க் கிளைச் செயலாளர் குப்பாண்டியும், அவருடைய சகாக்கள் தவசியும் முத்திருளனும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் பேச்சு இவ்வளவு தெளிவாகப் புரிந்தது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை.

ஊருக்கு வந்ததும் அறிக்கைக் கட்டுகளை எல்லாம் குப்பாண்டி வீட்டு நெல்லுக் குதிருக்குள் போட்டு மூடினார்கள். யாராவது வந்து, “அண்ணே, உங்க கட்சிக் கொள்கை என்ன? ஒரு புத்தகம் கொடுங்க” என்று கேட்டால் தவசிக்கு மூக்கு விடைத்துவிடும்.

“உசிரே போனாலும் கொடுக்க மாட்டோம். தலைவர் உத்தரவு!”

“படிச்சாத்தானே ஓட்டுப் போட முடியும்?”

“இப்படி நைச்சியமாப் பேசித்தான் வாங்கப் பார்ப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியும், போய்யா.”

அடுத்தது வேட்பாளர். பிரச்சாரத்துக்கு வந்த கதிர்காமநாதன் ஜீப்பை விட்டு இறங்கி, “அம்மாடி” என்று ஒரு நாற்காலியில் சாயப் போனார். முத்திருளன் நாற்காலியைப் பறித்துக்கொண்டு ஓடினான்.

“என்ன தம்பி இது? முட்டி விண்ணு விண்ணுனு தெறிக்குது.”

“உங்களை நிறுத்தியிருக்கு ஐயா. உட்கார்ந்தா கட்சி மானம் போயிரும்.”

அப்புறம் அவர் நின்றபடியே தின்றார், நின்றபடியே ஜீப்பில் போனார். தூக்கம் வந்தால் மூன்று பேரும் அவரைத் தூணோடு சேர்த்துத் துண்டால் கட்டினார்கள். மறைவிடத்துக்குப் போனால்கூட வாசலில் நின்று, “ஐயா, நின்னுக்கிட்டுத்தானே இருக்கீங்க?” என்று குரல் கொடுத்தார்கள். சீட்டுக் கேட்டு வாங்கிய மனிதரின் கதியைப் பாருங்கள்.

பிறகு முக்கிய வேலைக்கு வந்தார்கள். கரண்டிக் கட்சித் தெருவில் முதல் வீடு மாவு மில் பவுனுத்தாயின் வீடு. பட்டப்பகலில் ஏணி போட்டு ஏறினார்கள். அடுப்படியில் வெயில் விழுந்ததும் பவுனுத்தாய் வெளியே ஓடிவந்தாள்.

“எவன்டா அவன் கூரைமேல?”

“நாங்கதான் மதினி, சீப்புக் கட்சி. உங்க ஓட்டைப் பிரிக்கிறோம்.”

“அடப் பாவிகளா! ஓட்டுக் கேட்டு வருவீங்கன்னு பார்த்தா வீட்டையே மொட்டையடிக்கிறீங்களே! இந்தத் தடவை எங்க தெருவே சீப்புக்குப் போடலாம்னு இருந்துச்சு, தெரியுமா?”

குப்பாண்டி ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “தவசி, சீப்புக்குப் போடறதா இருந்தா இது நம்ம ஓடு ஆச்சே. பிரிக்கலாமா?”

“இன்னும் போடலையே. போடற வரைக்கும் அது கரண்டி ஓடுதான். பிரிங்க.”

பிரித்தார்கள். அந்தத் தெருவில் சாயங்காலத்துக்குள் ஏழெட்டுக் கூரை காலி.

சேதி கேட்டுக் கதிர்காமநாதன் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். வலிக்கிற முட்டியோடு தானே ஏணியில் ஏறி, வீடு வீடாக ஓட்டைத் திரும்ப அடுக்கினார். பவுனுத்தாய்க்கே மனசு இளகிவிட்டது.

“இறங்குங்கண்ணே. உங்க ஆளுங்க முட்டாளா இருந்தா நீங்க என்ன செய்வீங்க? எங்க தெரு ஓட்டு உங்களுக்குத்தான். இந்தாங்க, இந்த முக்காலியில உட்காருங்க.”

அவர் கண்கலங்க உட்காரப் போனார். முத்திருளன் முக்காலியை உருவினான். மற்றதை விவரிக்க எனக்கே சங்கடமாக இருக்கிறது.

தேர்தல் நாள் வந்தது. “டேய், எல்லாத்தையும் மன்னிச்சேன். மூணு பேரும் முதல்ல போய் உங்க ஓட்டைப் போட்டுடுங்க. ஒரு ஓட்டுலகூடத் தலையெழுத்து மாறிடும்” என்று கெஞ்சிவிட்டுப் போனார் கதிர்காமநாதன். மூன்று பேரும் ஆளுக்கொரு ஓட்டைத் தங்கள் கூரையிலிருந்து உருவிக்கொண்டு வேப்பமரத்தடியில் கூடினார்கள்.

“இதைப் போட்டா என்ன ஆகும்?” என்றார் குப்பாண்டி.

“உடையும்” என்றான் தவசி.

“தலைவர் என்ன சொன்னார்?”

“நம்ம ஓட்டை ஒண்ணுகூட வீணாக்காதீங்கன்னார்.”

“வேட்பாளர் என்ன சொல்றார்?”

“போடச் சொல்றார்.”

மூன்று பேரும் ஓட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியில் முத்திருளன் கேட்டான்: “கட்சியில யார் பெரியவர்?”

“தலைவர்தான். தலைமைக்குக் கட்டுப்படாதவன் கட்சிக்காரனே இல்லை” என்று குப்பாண்டி தீர்ப்புச் சொன்னார். மூன்று ஓட்டையும் வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாக்குச்சாவடி மூடும் வரை அசையாமல் காவல் இருந்தார்கள்.

எண்ணிக்கையன்று நாடெங்கும் சமநிலை. இந்த ஒரு தொகுதிதான் பாக்கி. திரும்பத் திரும்ப எண்ணினார்கள். கதிர்காமநாதன் தோற்றார். மூன்றே ஓட்டு.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஆளவந்தார், நாட்டு நலன் கருதிக் கரண்டிக் கட்சி ஆட்சிக்குக் கொள்கை அடிப்படையில் ஆதரவு என்று அறிவித்து, துணைப் பிரதமர் ஆகிவிட்டார். கொள்கையில் அவருக்குச் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. அட்டையைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நடுத்தெருவில் நின்றவர் கதிர்காமநாதன் ஒருவர்தான்.

அவர் நொண்டி நொண்டி மட்டியூருக்கு வந்தார்.

“மூணு ஓட்டுல போச்சேடா! உண்மையைச் சொல்லுங்க. நீங்க மூணு பேரும் உங்க ஓட்டைப் போட்டீங்களா?”

“போடுவோமா ஐயா?” என்று குப்பாண்டி பெருமையோடு வேட்டியை விரித்து, மூன்று ஓட்டையும் அவருக்குப் பின்னால் இருந்த வேப்பமரத் திட்டின்மேல் வரிசையாக வைத்தார். “பாருங்க, ஒரு கீறல் கிடையாது.”

கதிர்காமநாதன் திரும்பிப் பார்த்தார். ஓட்டைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. தேர்தல் தொடங்கிய நாளிலிருந்து உட்கார மடங்காத கால் அப்போது மடங்கியது.

“உட்காராதீங்க ஐயா!” என்று மூவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

அவர் உட்கார்ந்துவிட்டார். சடசடவென்று சத்தம்.

குப்பாண்டி குனிந்து சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அழுகையை அடக்க முடியவில்லை.

“அநியாயமா மூணும் செல்லாத ஓட்டாப் போச்சே! இதுக்குத்தான் ஐயா நாங்க போடலை.”