கிடாய் தின்ற கொள்ளு எங்கே போனது?

முன்னொரு காலத்தில் வேலங்காட்டுச் சீமையை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். அவருக்குச் சந்தேகம்தான் மூன்று வேளைச் சாப்பாடு. மோர் கொஞ்சம் நீர்த்திருந்தாலே, "வெண்ணெயை எடுத்தது யார்?" என்பார். சொந்த நிழல் பின்னால் வந்தாலும், "யாரடா அது?" என்று திரும்பிப் பார்ப்பார்.

அவரிடம் சண்டைக் கிடாய் ஒன்று இருந்தது. வளர்த்தவன் சடையாண்டி. அவனை வேலைக்குச் சேர்த்தவர் மந்திரி வெள்ளியம்பலம். மந்திரி மேல் பண்டகசாலை அதிகாரி திருமேனிக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் ராஜாவின் காதைக் கடித்தார்.

"பிரபு, கிடாய்க்கு மூட்டை மூட்டையாகக் கொள்ளு போகிறது. ஆனால் கிடாய் அப்படியேதான் இருக்கிறது. சடையாண்டி வீட்டு அடுப்பில் தினமும் கொள்ளு ரசம் கொதிக்கிறதோ என்னவோ!"

போதாதா? பெரிய தராசு வந்தது. ஒரு தட்டில் கிடாய். மறு தட்டில் அதன் பழைய எடைக்குக் கல்லும், ஒரு மாதம் தின்றதாகச் சொன்ன கொள்ளு மூட்டைகளும். மூட்டைத் தட்டு தரையில் இடித்தது. கிடாய் அந்தரத்தில் நின்று, "மே!" என்றது.

"எங்கேடா மிச்சக் கொள்ளு?"

"சாமி, அதுதானுங்க தின்னுச்சு."

"தின்றது உடம்பில் இல்லையே! அடுத்த பௌர்ணமிக்கு இவன் வலது கையை வெட்டுங்கள்!"

மந்திரி மெதுவாக எழுந்தார்.

"தீர்ப்பு சரிதான் பிரபு. ஆனால் ஊர் நம்ப வேண்டுமே? யோக்கியமான ஒருவரைப் பூட்டி வைத்து, நிறுத்து நிறுத்துச் சோறு போடுவோம். தின்றதெல்லாம் உடம்பில் ஏறிவிட்டால், சடையாண்டி திருடன்தான். திருமேனியை விட யோக்கியர் யார் இருக்கிறார்?"

திருமேனிக்கு மீசை துடித்தது. "நானே வருகிறேன்!"

பௌர்ணமி வரை நெய்யப்பம், தேங்காய்ச் சோறு, பலாச்சுளை. அவர் விழுங்கிய ஒவ்வொன்றையும் காவலர்கள் நிறுத்து, அதே எடைக்குக் கல் குவித்தார்கள். பௌர்ணமியன்று அவரைத் தட்டில் உட்கார வைத்து, மறு தட்டில் அவருடைய பழைய எடைக்கான கல்லையும் அந்தக் கற்களையும் ஏற்றினார்கள். திருமேனி பரங்கிக்காய் மாதிரி மேலே போய்த் தொங்கினார்.

ராஜா துள்ளி எழுந்தார். "மிச்சச் சோறு எங்கே? தலைப்பாகையை உதறுங்கள்! மடியைத் தடவுங்கள்!"

"ஐயோ பிரபு, நான்தான் தின்றேன்!"

"சடையாண்டியும் இதைத்தானே சொன்னான்?"

"நடந்தேன், பேசினேன், வேர்த்தேன்... உடம்பு சுட்டுக்கொண்டே இருக்கிறதே பிரபு! மிச்சம்... மிச்சம் கொல்லைப் பக்கம்..." சபை கொல்லென்று சிரித்தது.

மந்திரி, "பிரபு, அவர் கையைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூடு நேற்றைய நெய்யப்பம். அடுப்பில் எரித்த விறகைச் சோற்றுப் பானைக்குள் தேடலாமா? கிடாய் ஓடவும் முட்டவும் கொள்ளுதான் விறகு. பிள்ளைக்கு ஊட்டியதெல்லாம் உடம்பிலேயே ஒட்டினால், எந்தத் தாயால் இடுப்பில் தூக்க முடியும்?" என்றார்.

"அப்படியென்றால் எல்லாம் வீணா?" ராஜாவின் புருவம் இன்னும் இறங்கவில்லை.

"போன சூடு திரும்பாது பிரபு. அதைச் சூரியன்தான் தினமும் வெயிலாகக் கொட்ட வேண்டும், பயிர் அதை வாங்கிப் பிடித்து வைக்க வேண்டும். ஆனால் கிடாயின் புழுக்கையைச் சடையாண்டி கொள்ளுக் காட்டில்தான் கொட்டுகிறான். அதிலுள்ள சத்து மண்ணுக்குப் போய், செடியில் ஏறி, மறுபடி கிடாய் வாய்க்கே வருகிறது."

ராஜா நேரே காட்டுக்குப் போனார். புழுக்கை விழுந்த இடத்தில் கொள்ளு முழங்காலளவு. விழாத இடத்தில் சாண் உயரம். மண்ணைக் கிள்ளி முகர்ந்தும் பார்த்தார்.

சடையாண்டியின் கை தப்பியது. அந்தக் கைக்கு ராஜா தன் கங்கணத்தையே கழற்றிப் போட்டார். மந்திரிக்குப் பட்டுச் சால்வை. திருமேனிக்கு? புழுக்கைக் கூடை. தினமும் பட்டியிலிருந்து காட்டுக்கு அவரே சுமக்க வேண்டும். கூடையிலிருந்து ஏதாவது சிந்துகிறதா என்று ராஜா பின்னாலேயே போனார்.

ஒருநாள் மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்ததும் ராஜா, "தராசு எங்கே?" என்றார். ராணி அதை எப்போதோ ஒளித்து வைத்துவிட்டாள்.