ஆவுடையான் பெயர் வைத்த மண்டபம்

ஊருக்கு ஓர் அரசன் இருந்த காலத்தில், அந்த அரசர்கள் எல்லாரும் பார்த்துப் பொறாமைப்பட்ட நகரம் ஒன்று இருந்தது. நெடுமாடபுரம் என்று அதற்குப் பெயர். ஒருமுறையாவது அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படாதவர் அந்தச் சீமையில் கிடையாது.

அந்த நகரத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, கேளுங்கள். பொழுது சாயும்போது முரசு விட்டுவிட்டு மூன்று முறை முழங்கும். மூன்றாம் முரசுக்குள் வெளியூர்க்காரர்கள் வெளியேறிவிட வேண்டும். எந்த வாசல் பக்கம் நிற்கிறார்களோ, அந்த வாசல் வழியாகவே காவலர்கள் அவர்களை வெளியே அனுப்பிக் கதவை அடைத்துவிடுவார்கள். மேற்கு வாசலுக்கு வெளியே சாலையும் சத்திரமும். மற்ற மூன்று வாசல்களுக்கும் வெளியே புலி நடமாடும் காடு.

இந்த நகரத்தைச் சுற்றிப் பார்க்க எருக்கங்குளத்துக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆவுடையானும் அவன் மனைவி பூமயிலும் அவர்களோடு வந்திருந்தார்கள்.

ஆவுடையான் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தான். நல்லவன்தான். ஆனால் ‘தெரியாது’ என்ற ஒரு சொல் மட்டும் அவன் வாயில் வராது. மழை ஏன் பெய்யவில்லை என்றால் காரணம் சொல்வான். அடுத்த வீட்டு ஆடு ஏன் செத்தது என்றால் காரணம் சொல்வான். யாரும் ஒன்றும் கேட்காவிட்டால், தானே ஒன்றைக் கேட்டுக்கொண்டு அதற்கும் காரணம் சொல்வான். எருக்கங்குளம் சின்ன ஊர். அவன் சொன்னதில் பாதி பலித்தது; மீதியை யாரும் போய்ச் சரிபார்க்கவில்லை.

புது ஊரில் கால் வைத்ததும் பெரியவர்களும் குழந்தைகளாகிவிடுகிறார்கள். எதைக் கண்டாலும் இது என்ன, இது ஏன் என்று மனம் கேட்கிறது. பூமயில் அதை வாய்விட்டுக் கேட்டாள். ஆவுடையானுக்கும் உள்ளே அதே கேள்விதான். ஆனால் அவன் வாயைத் திறந்தால் பதிலாகத்தான் வந்தது.

அந்த உயரமான கோபுரம் எதற்கு என்றாள். மேகத்தை நிறுத்தி மழை வாங்க என்றான். குளத்துத் தாமரை ஏன் இவ்வளவு வெளுப்பு என்றாள். அரசி தினமும் பால் ஊற்றுகிறாள் என்றான். நாற்சந்தியில் இருந்த மண்டபத்தைக் காட்டி, அதன் பெயர் என்ன என்றாள். தூணுக்குத் தூண் ஒரு கல் மிருகம் முன்னங்காலைத் தூக்கி நின்றது. ஆவுடையான் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தான்.

“குதிரை மண்டபம்” என்றான். “கூட்டத்தில் நாம் பிரிந்துவிட்டால் இங்கே வந்து நில். நானும் வந்துவிடுவேன்.”

பூமயில் அந்த மிருகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள்.

சொல்லி வைத்தாற்போல, கடைத்தெருவில் அரண்மனை யானைகள் வந்தன. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. யானைகள் போய்த் தெரு மறுபடி ஒன்றானபோது பூமயிலைக் காணவில்லை.

ஆவுடையான் பதறவில்லை. மண்டபத்துக்குத் திரும்பி வந்து நின்றான். வெயில் இறங்கியது. அவள் வரவில்லை. வளையல் கடையில் மயங்கி நிற்கிறாள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தான். வந்ததும் என்னென்ன சொல்லித் திட்டுவது என்று வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டான். நிழல் நீளநீள அந்த வரிசை ஒவ்வொன்றாக மறந்துபோனது.

கடைசியில் பக்கத்தில் பூ விற்றவளிடம், உள்ளூர்க்காரனைப்போலப் பேச்சுக் கொடுத்தான். “குதிரை மண்டபத்தில் இன்றைக்குக் கூட்டம் கொஞ்சம் அதிகம்தான், இல்லையா?”

பூக்காரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “அது எந்த ஊரில் இருக்கிறது அண்ணாச்சி? இது வழக்கு மண்டபம். இதெல்லாம் யாளி. குதிரைக்கு எங்கேயாவது தும்பிக்கை உண்டா?”

ஆவுடையானுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தப் பெரிய நகரத்தில் அவன் மனைவி தெருத்தெருவாக ஒரு மண்டபத்தைக் கேட்டுக்கொண்டு திரிகிறாள். அந்தப் பெயரில் மண்டபம் எதுவும் இல்லை.

முதல் முரசு முழங்கியது.

அப்போதும் அவன் நாக்கு பழைய வழியில்தான் போகப் பார்த்தது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வழி தவறிவிட்டாள், பட்டிக்காட்டுக்காரி, விவரம் போதாது என்று சொல்லத் தொடங்கினான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

பிறகு சொன்னான். “எனக்கு இந்த ஊரில் ஒன்றும் தெரியாது தாயி. தெரியாமலே இதற்குப் பெயர் வைத்தேன். அதை நம்பி என் பெண்டாட்டி தொலைந்துவிட்டாள்.”

பூக்காரி சிரிக்கவில்லை. பல்லக்கு இறக்கி வைத்திருந்த ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்தாள். அவர்களில் ஒருவன் நிமிர்ந்தான். லாயத்துப் பக்கம் ஒரு பெண் குதிரை மண்டபம் கேட்டாளாம். காவலாளி விரட்டினானாம். பிறகு அவள், தும்பிக்கை வைத்த சிங்கம் நிற்கிற மண்டபம் எது என்று கேட்டாளாம். யாளி மண்டபம் இந்த ஊரில் இரண்டு. அவளை வடக்கே இருக்கிற இன்னொன்றுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

வடக்கு வாசலுக்கு வெளியே காடு. ஆவுடையான் ஓடினான். பல்லக்குக்காரன் முன்னே ஓடி வழி காட்டினான்.

இரண்டாம் முரசு முழங்கும்போது வடக்கு மண்டபத்துப் படியில் அவளைக் கண்டான். காவலன் ஒருவன் வடக்கு வாசலுக்கு அனுப்ப அவளைப் படியிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தான். ஆவுடையான் மூச்சு வாங்கியபடி, அது குதிரை இல்லை என்றான்.

“தெரியும்” என்றாள் பூமயில். “காலையிலேயே தும்பிக்கையைப் பார்த்தேனே. நீங்க சொன்னா சரியா இருக்கும்னு, என் கண்ணை நானே நம்பாம விட்டுட்டேன்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு மேற்கே ஓடினார்கள். வாசலைத் தாண்டவும் மூன்றாம் முரசு முழங்கவும் சரியாக இருந்தது.

வண்டியில் இருந்தவர்கள் ஆவுடையானுக்காகவே காத்திருந்தார்கள். ஊர் போய்ச் சேரும்வரை அவன் பேச்சுதான் வழித்துணை என்று அவர்களுக்குத் தெரியும். நகரம் எப்படி இருந்தது, சொல்லப்பா என்றார்கள்.

ஆவுடையான் நகர்ந்து பூமயிலுக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.

“அவளைக் கேளுங்கள்” என்றான். “நான் சரியாகப் பார்க்கவில்லை.”

தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்பவன், தன்னை நம்புகிறவர்களின் கண்ணையும் சேர்த்துக் கட்டிவிடுகிறான்.