கிருமி நீந்திக்கொண்டே இருந்தது

"மருந்து வெறும் தண்ணி மேடம். இன்னிக்குக் கொடுக்கவேண்டிய ரெண்டாவது தவணையை நிறுத்தப்போறேன்."

சொல்லிவிட்டு டாக்டர் கிளமென்ட் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

போன மழையில் காலரா வாரிக்கொண்டு போன மீனவர் குப்பத்துக்கு அவர்தான் டாக்டர். வீடு வீடாகக் கெஞ்சிக் கூத்தாடித் தடுப்புச் சொட்டு மருந்து குடிக்க வைத்தவர். அது பலித்ததா என்று பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான், தன்னைவிட இருபது வயசு சின்னவரான பேராசிரியை பர்வீனிடம் சிஷ்யராகச் சேர்ந்தார். அதில் மனுஷனுக்கு வெட்கமே கிடையாது!

"எப்படித் தெரியும்?" என்றார் பர்வீன்.

"குடிச்சவங்க ரத்தத்துல தெளிஞ்ச நீரை எடுத்துக் காலராக் கிருமி மேல விட்டேன். ஒண்ணுகூடச் சாகல. ஜம்முனு நீந்துது!"

"அந்த நீரைச் சூடு பண்ணீங்களா?"

"பண்ணாம? லேப் வழக்கம்தானே."

"அப்புறம் என்ன சேர்த்தீங்க?"

"ஒண்ணும் சேர்க்கல. கலப்படம் கூடாதுன்னு விட்டுட்டேன்."

பர்வீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க மருந்து குடிச்சீங்களா டாக்டர்?"

"எங்க? என் பங்கையும் ஜனங்களுக்கே கொடுத்துட்டேன்."

"கையை நீட்டுங்க."

ரத்தம் எடுத்தார். அது உறைந்து மேலே நீர் தெளிந்ததும், சூடாக்காமல் அப்படியே ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டிலிருந்த கிருமி மேல் விட்டார்.

கிளமென்ட் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். "நீந்துது. என் ரத்தமும் தண்டம்!"

பர்வீன், கிளமென்ட் சூடாக்கி வைத்திருந்த குப்பத்து ஜனங்களின் ரத்த நீரில் ஒரு சொட்டை எடுத்து அதோடு சேர்த்தார்.

"இப்போ?"

"நீந்துது... இன்னும் நீந்துது... இருங்க, இருங்க. மாதாவே! நின்னுடுச்சு மேடம்! உருண்டையா வீங்குது! வெடிக்குது! ஐயோ, எல்லாம் வெடிக்குது!"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் கவனிக்கவே இல்லை.

"புரிஞ்சுபோச்சு! மருந்து குடிச்சா வர்ற புரதம் கிருமியைப் பிடிச்சுக் காட்டிக்கொடுக்குது. ஓட்டை போட்டுக் கொல்றது வேற புரதம். அது எல்லார் ரத்தத்துலயும் இருக்கு, அவங்க ரத்தத்துலயும் இருந்துச்சு. நான்தான் பாவி, சூட்டுல அதை அழிச்சுட்டேன்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடி சந்தேகம் வந்துவிட்டது.

"அப்போ இந்தக் கண்ணாடியில கொன்னது யாரு மேடம்? அவங்களா, நானா?"

பர்வீன் மருந்துப் பெட்டியைத் தூக்கி அவர் கையில் திணித்தார்.

"குப்பத்துல வரிசையில நிக்கிறாங்க. ஓடுங்க டாக்டர், ஓடுங்க!"