வேண்டாத திராட்சை

புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கிப்போன சர்வர் சவரிமுத்து, முதலாளிக்குத் தென் பிரான்சின் வெள்ளை ஒயினை ஊற்றினான். இனிப்பில்லாத அந்த ஒயின் மூன்று திராட்சைகள் கலந்தது.

விருந்தாளிகள் முன்னால் முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு அலட்டினார். "என் நாக்கு மூணையும் தனித்தனியா பிரிச்சுடும். இதுல கிரெனாஷ் திராட்சை எனக்குப் பிடிக்கலை. அதை மட்டும் எடுத்துட்டுக் கொண்டா. முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

சவரிமுத்து பெருமூச்சு விட்டான். ருசி பார்ப்பவர்கள் ஒயினைத் துப்பும் கிண்ணத்தை எடுத்து வந்து நீட்டினான்.

"பிரிக்கிற நாக்கு உங்களுதுங்க ஐயா. கிரெனாஷை மட்டும் இதுல துப்பிட்டு, மிச்சத்தை முழுங்கிடுங்க."

விருந்தாளிகள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி வீறாப்பாக இன்னொரு வாய் ஒயினை நிரப்பிக்கொண்டு, பிரிக்கத் தெரியாமல் விழித்தார். கடைசியில் மொத்தத்தையும் முழுங்கினார்.

சவரிமுத்து காலிக் கிண்ணத்தைப் பார்த்தான்.

"பிடிக்காதது எதுவும் இல்லை போலிருக்கே. நான் கொஞ்சம் உக்காரட்டுங்களா ஐயா?"