ஒழுகாத படகு

மூன்று தீவுகளுக்கு நடுவே ஒரு நீலக் கடல் இருந்தது. அதில் குரங்குகள் தேங்காய்ப் படகு விட்டன. நீர்நாய்கள் உப்புப் படகு விட்டன. முள்ளுக்காட்டு நரி வேப்பெண்ணெய்ப் படகு விட்டது.

மரப்படகு என்றால் கசியத்தானே செய்யும்? பலகை இடுக்கில் புகுந்த தண்ணீரோடு, சிந்திய எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து படகின் அடியில் தேங்கும். அதற்கு அடித்தண்ணீர் என்று பெயர். அதை நரி நடுக்கடலில் அள்ளி ஊற்றிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே போகும்.

அந்தக் கடலின் பாறை ஒன்றில் செவ்வலகி என்ற ஆலாப் பறவை தன் இரண்டு குஞ்சுகளோடு வாழ்ந்தது. ஆலாக்கள் வானத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்து மீன் பிடிப்பவை. குஞ்சு முதல் தடவை பாயும் நாள் அவற்றுக்குக் கல்யாண நாள் மாதிரி. சொந்தபந்தமெல்லாம் பாறையில் கூடிக் கும்மாளம் போடும்.

மூத்த குஞ்சின் நாள் வந்தது. "பாய்டா ராஜா!" என்று எல்லாரும் கத்தினார்கள். அது பாய்ந்தது. மேலே வந்தபோது வாயில் மீன் இல்லை, உடம்பெல்லாம் வேப்பெண்ணெய்!

"அம்மா, இறக்கை ஒட்டிக்கிச்சு! வாயெல்லாம் கசக்குது!"

செவ்வலகி குஞ்சின் இறகுகளை ஒவ்வொன்றாகக் கோதிச் சுத்தம் செய்தது. பாய முடியாத ஆலாவுக்குப் பட்டினிதான். பெற்ற வயிறு எரியாதா? அது நேரே நரியின் படகுக்குப் பறந்தது.

"நரியண்ணே! அடித்தண்ணியைக் கடல்ல ஊத்தக் கூடாதுன்னு மூணு தீவும் சட்டம் போட்டது தெரியாதா?"

நரி பாய்மரத்தின் உச்சியைக் காட்டியது. "கொடியைப் பாரு ஆலாக்கா! சட்டம் மூணு தீவுக் கொடி கட்டின படகுக்குத்தான். இது முள்ளுக்காட்டுக் கொடி! எங்க ஊர்ல கடலே கிடையாது. கடல் சட்டம் எங்கிருந்து வரும்?"

"அதுக்காக?"

"அட, இவ்வளவு பெரிய கடலுக்கு என் ஒரு வாளி அழுக்கு எந்த மூலைக்கு? கடல்ல கரைச்ச பெருங்காயம்!"

இதைக் கேட்ட குரங்குகளுக்கும் நீர்நாய்களுக்கும் வாயெல்லாம் பல். அடுத்த வாரமே கடல் முழுக்க முள்ளுக்காட்டுக் கொடிகள் பறந்தன! முள்ளுக்காட்டில் இருந்த முயல்களுக்கே தங்களுக்கு இத்தனை படகுகள் இருப்பது தெரியாது.

செவ்வலகி துறைமுகத் தலைவர் யானையிடம் போய் முறையிட்டது.

"நான் என்ன செய்ய? ஊத்தாதேன்னு சொல்லியாச்சே!" என்றது யானை.

"ஊத்தாதேன்னு சொன்னீங்க, சரி. எங்கே ஊத்தணும்னு சொன்னீங்களா? துறைக்கு எடுத்துட்டு வந்தா, 'சீ, நாத்தம்!'னு நீங்களே தும்பிக்கையைத் தூக்கி விரட்டுறீங்களே!"

யானையின் காதுகள் தொங்கிப் போயின. ஆனால் அது நல்ல யானை. மறுநாளே மூன்று தீவுக்காரர்களையும் கூட்டியது. கரையில் ஆழமாகக் குழி தோண்டிக் களிமண் பூசினார்கள். புதுச் சட்டம் பிறந்தது. எந்தக் கொடி பறந்தாலும் சரி, அடித்தண்ணீரைத் துறைக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். துறையும் அதை மூக்கைப் பிடிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்காத படகுக்குக் கரையில் இடமில்லை! சோதனை பார்க்க நண்டை வைத்தார்கள்.

பொங்கல் நாள் வந்தது. கரையில் பெரிய பானையில் சர்க்கரைப் பொங்கல் கொதித்தது. படகுகள் வரிசையாக வந்தன. குரங்கு கொடுத்தது, நீர்நாய் கொடுத்தது. குழியில் அழுக்கு சேர்ந்தது.

நரிக்கு வரிசையில் நிற்கப் பொறுமை ஏது? முதல் பந்தியிலேயே உட்கார வேண்டும் என்று நாக்கு ஊறியது. துறைக்கு முன்னால் கடலுக்குள் நீண்டிருந்த நிலமுனையைத் தாண்டும்போதே யாரும் பார்க்காத இடத்தில் எல்லாவற்றையும் கடலில் கொட்டிவிட்டது. சாம்பல் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, படகைப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தியது.

நண்டு அடிவரை இறங்கிப் பார்த்தது. "ஒரு சொட்டு இல்லை! பளிங்கு மாதிரி இருக்கு!"

"என்னைப் போல் ஒழுக்கமானவன் உண்டா?" என்று நரி நெஞ்சை நிமிர்த்தியது. யானையும் வழிவிடப் போனது.

"கொஞ்சம் பொறுங்க!" என்று செவ்வலகி கீழே வந்தது. "வர்ற வழியில கசிஞ்ச தண்ணி எங்கே நரியண்ணே?"

நரிக்குத் தேள் கொட்டிய மாதிரி இருந்தது. ஆனாலும் சமாளித்தது. "என்... என் படகு ஒழுகாத படகு!"

"அப்படியா! அதிசயம்தான்! அப்போ பந்தி முடியுற வரைக்கும் படகுலேயே உட்காருங்க. ஒரு சொட்டும் கசியலைன்னா உங்களுக்கு மாலை போட்டு இறக்குறோம்!"

நரி சம்மணம் போட்டு உட்கார்ந்தது. கரையில் இலை போட்டார்கள். நெய் வாசனை வந்தது. நரியின் வாலில் ஈரம் பட்டது. அது வாலை மடியில் வைத்துக்கொண்டது. முந்திரி வாசனை வந்தது. கணுக்கால் வரை தண்ணீர்! நரி எழுந்து நின்றுகொண்டது.

"என்ன நரியாரே, ஒழுகாத படகில் குளியலா?" என்று நீர்நாய் கேட்க, கரையே விழுந்து விழுந்து சிரித்தது.

"ஒத்துக்கிறேன்! முனைக்கு அந்தப் பக்கம் கொட்டினேன்! பொங்கலை மட்டும் தீர்த்துடாதீங்க!" என்று நரி அலறியது.

"கொட்டினதை அள்ளிட்டு வா. உன் இலை காத்திருக்கும்," என்றது யானை.

நரி தேங்காய் நாரைக் கடலில் விரித்து, மிதந்த எண்ணெயை ஒற்றி ஒற்றி எடுத்துக் குழியில் பிழிந்தது. குரங்குகளுக்கும் பழைய குற்றம் உறுத்தியதோ என்னவோ, அவையும் குதித்துக் கைகொடுத்தன. நீலம் மறுபடி தெரிந்தது.

மூத்த குஞ்சு பயந்து பயந்து பாறை விளிம்புக்கு வந்தது. "பாய்டா ராஜா!" என்று இந்தத் தடவை நரியும் சேர்ந்து கத்தியது. குஞ்சு தலைகீழாகப் பாய்ந்தது. மேலே வந்தபோது அதன் வாயில் ஒரு வெள்ளி மீன் துடித்தது! இறகு காற்றில் படபடவென்று விரிந்தது. செவ்வலகி சந்தோஷத்தில் பாறையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. மூக்கில் பொங்கல் ஒட்டியிருந்த நரிதான் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியது.

எல்லாருக்கும் பொதுவான கடலை, எல்லாரையும் ஒன்றாகக் கட்டும் சட்டமே காக்கும். மறைவில் கொட்டித் தப்ப நினைப்பவனைச் சொந்தப் படகே காட்டிக்கொடுக்கும்.