ஆளுக்கு எத்தனை மில்லி?

ஏமாங்குளத்துக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் ஆளுக்கொன்று சொல்வார்கள். எதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் ஒன்றை நம்பலாம்: சொன்ன சொல்லை அவர்கள் அப்படியே செய்வார்கள். ஒரு எழுத்து கூடாது, ஒரு எழுத்து குறையாது. ஊர் இந்த நிலைமையில் இருப்பதற்குக் காரணமே அதுதான்.

அந்த ஊர் பொன்னுலிங்கத்துக்கு முப்பத்தைந்து வயதில் பெண் அமைந்தது. மேலப்பாறை சண்முகவடிவு. பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் பதற்றத்தில் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். அவள் சிரிக்காமல் இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். அதோடு அவன் ஆள் காலி. இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டான்.

பெண்ணின் அப்பா திருமலையாண்டி. பஸ் டிப்போ ஒன்றில் முப்பது வருஷம் டீசல் ஊற்றி ஓய்வு பெற்றவர். சாமி கும்பிடுகிறாரோ இல்லையோ, எண்ணெய்ச் சிக்கனத்தைக் கும்பிடுவார். நிச்சயதார்த்தம் முடிந்ததும் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, கல்யாணத்துக்கு வண்டியிலதான் வரணும். ஆனா எல்லா வண்டியையும் ஓட்டிப் பாத்து, ஆளுக்கு எத்தனை மில்லி ஆவுதுன்னு வகுத்துப் பாத்து, குறைச்சலாக் குடிக்கிற வண்டியில வரணும். கிளம்பும்போது டாங்கியில இந்தக் குச்சியை விட்டுக் கோடு போடுங்க. இங்க வந்ததும் நான் விட்டுப் பாப்பேன். ஊதாரித்தனம் தெரிஞ்சுதுன்னா பொண்ணு கிடையாது."

பொன்னுலிங்கம் குச்சியைக் கையில் வாங்கிக்கொண்டான். நேரே பெரியப்பா ஆவுடையப்பனிடம் போனான். ஊரில் யோசனை சொல்கிற வேலை அவருடையது.

"நடந்தே போயிரலாமா பெரியப்பா? ஆறு கிலோமீட்டர்தானே?"

"ஏல, வண்டியில வாங்கன்னுல்லா சொல்லியிருக்காரு. சம்பந்தி பேச்சை மீறலாமா?"

முதலில் பக்கத்து வீட்டுக் கொம்பையாவின் மொபெட்டைச் சோதித்தார்கள். ஒரு லிட்டர் ஊற்றி, இரண்டு பேர் ஏறிக் குளத்தைச் சுற்றினார்கள். லிட்டர் தீர்ந்தது. ஆளுக்கு ஐந்நூறு மில்லி. மறுபடி ஊற்றி நாலு பேர் ஏறினார்கள். ஆளுக்கு இருநூற்றைம்பது. ஆவுடையப்பன் அசந்துபோனார். "பாரம் ஏற ஏற வண்டிக்கு இரக்கம் பொறக்குது பாத்தியளா!" என்று ஏழு பேரை ஏற்றினார். மொபெட் நேராகக் குளத்துக்குள் போயிற்று.

வெளியே இழுத்துப் போட்டதும் அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"எண்ணெயையும் குடிக்குது, தண்ணியையும் குடிக்குது. இந்தப் பேராசை பிடிச்ச வண்டி நமக்கு ஆவாது," என்று தள்ளிவைத்தார் ஆவுடையப்பன்.

அடுத்து ஆட்டோ. ஆட்டோவில் பெட்ரோல் ஊற்றப் போன கொம்பையாவை அவர் தடுத்தார். "நில்லுலே. மொபெட்டு ஒரு லிட்டரைக் குடிச்சது. ஆட்டோ வேற லிட்டரைக் குடிச்சா நியாயமா? ரெண்டுக்கும் அதே லிட்டரைத்தான் கொடுக்கணும்."

"அது புகையாப் போயிட்டே அண்ணாச்சி?"

"அப்ப புகையைப் பிடி."

மொபெட்டைக் காயவைத்து மறுபடி ஓட்டினார்கள். கொம்பையா பின்னாலேயே ஓடி, புகைக்குழாயில் கோணிச்சாக்கைப் பிடித்துக்கொண்டே வந்தான். சாக்கின் வாயைக் கட்டிக் கொண்டுவந்து, ஆட்டோ டாங்கிக்கு மேலே நாலு பேர் சேர்ந்து பிழிந்தார்கள். ஒரு சொட்டும் விழவில்லை. ஆட்டோவும் நகரவில்லை.

"கொடுத்தாலும் குடிக்க மாட்டேங்குது. ரோஷக்கார வண்டி," என்று அதையும் விட்டார்கள்.

ரயில் எப்படி என்று கேட்டுவரக் கொம்பையா ஸ்டேஷனுக்குப் போனான். அது கரண்டில் ஓடுகிறது, எண்ணெயே குடிக்காது என்றார்களாம். ஆவுடையப்பன் நம்பவில்லை. பசிக்காத வண்டி உலகத்தில் கிடையாது, நமக்குத் தெரியாமல் எங்கேயோ தின்கிறது என்றார். எப்படியும் மேலப்பாறைக்குத் தண்டவாளம் கிடையாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள், வாடகைக்கு வண்டி ஓட்டும் சேர்மத்துரை தன் மினி பஸ்ஸோடு வந்தான். பொன்னுலிங்கம் ஓடிப்போய்க் கேட்டான்.

"அண்ணே, உங்க பஸ்ஸு எவ்வளவு குடிக்கும்?"

"ஓடுனா ஒரு லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர்."

"நின்னா?"

"இஞ்சினை அணைச்சு நிப்பாட்டுனா எதுக்குடே குடிக்கும்? ஒரு சொட்டுக் குடிக்காது."

கூட்டம் பஸ்ஸைச் சூழ்ந்துகொண்டது. நாலு நாளாகத் தேடிய வண்டி இதோ நிற்கிறது! பொன்னுலிங்கம் சேர்மத்துரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

கல்யாணத்தன்று காலை ஐந்தரைக்கு டாங்கியில் குச்சியை விட்டுக் கோடு போட்டார்கள். நாற்பது பேர் பட்டும் வேட்டியுமாக ஏறி உட்கார்ந்தார்கள். இஞ்சினைத் தொடக்கூடாது என்று சேர்மத்துரைக்குக் கண்டிப்பான உத்தரவு. முழு வாடகையும் முன்பணமாகக் கைக்கு வந்துவிட்டதால் அவன் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டான்.

அரை மணி நேரம் ஆயிற்று. மாப்பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

"பெரியப்பா, மேலப்பாறையில நம்ம ஊரு மாதிரியே ஒரு புளியமரம் நிக்கி."

"எல்லா ஊருலயும் புளியமரம் உண்டுலே."

"அதுல நம்ம ஆட்டைக் கட்டிப் போட்டிருக்கு."

ஆவுடையப்பன் இறங்கி, ஆட்டின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு வந்தார். "நம்ம ஆடுதான். நாம இன்னும் வந்து சேரல."

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. பொன்னுலிங்கத்துக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. இன்னொரு டம்ளர் காப்பி வைத்த அந்தக் கை கண்முன்னால் வந்து நின்றது. "தள்ளுங்க பெரியப்பா! இஞ்சின் ஓடாட்டி என்ன, நாம இருக்கோம்ல!" என்று கத்தினான்.

சேர்மத்துரையை எழுப்பி ஸ்டீரிங்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். பஸ் நகர்ந்தது. நாலடி போனதும் ஆவுடையப்பன் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"உள்ள யாரு இருக்கா?"

"யாருமில்ல. எல்லாரும் தள்ளுதோம்."

"ஆளே இல்லாம ஆளுக்கு எத்தனை மில்லின்னு எப்படிலே வகுப்பாரு சம்பந்தி?"

"டிரைவரு இருக்காரே?"

"அவன் கூலிக்கு வந்தவன். கல்யாணத்துக்கா வந்தான்?"

நியாயம்தான். கடைசியில் மாப்பிள்ளையை மட்டும் ஏற்றி உட்காரவைத்தார்கள். அவன் ஒருத்தன் உள்ளே இருக்க, முப்பத்தொன்பது பேர் தள்ள, பஸ் ஊர்வலம் போயிற்று.

பாதி வழியில் இறக்கம் வந்தது. பஸ் தானாக உருள ஆரம்பித்ததும் ஆவுடையப்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நாம தள்ளாம ஓடுதுன்னா எதைக் குடிச்சுலே ஓடுது? களவாணிப் பய வண்டி! பிடிங்கலே!" பின்னால் கயிற்றைக் கட்டி, இறக்கம் முழுக்கப் பின்பக்கம் இழுத்துக்கொண்டே இறங்கினார்கள். உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்துவிட்டது. உள்ளே மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் கலங்கினான்.

மேலப்பாறைப் பந்தலுக்கு முன்னால் பஸ் வந்து நின்றபோது மணி பத்து இருபது. திருமலையாண்டி யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. குச்சியை வாங்கி நேராக டாங்கிக்குள் விட்டார், எடுத்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி விட்டார். போட்ட கோட்டிலேயே டீசல் நின்றது.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வண்டியைப் பாத்ததில்ல மாப்ள!" என்று அவர் தழுதழுத்தார். "வந்தது ஒரு ஆளு. செலவு சைபர். ஆளுக்குச் சைபர் மில்லி!"

பொன்னுலிங்கம் துள்ளி எழுந்து படியில் கால் வைத்தான். "எறங்காதீங்க!" என்று அவரே அலறினார். "போயிட்டுத் திரும்பினாத்தான் டிரிப்பு முடியும். நடுவுல எறங்குனா வண்டியில ஆளு இல்ல. கணக்குச் செல்லாது!"

"எறங்காம எப்படி மாமா தாலி கட்ட?"

இரண்டு ஊரும் தலையைச் சொறிந்தது. மணி பத்து இருபத்தைந்து. பொன்னுலிங்கம் படியிலேயே குந்தி விம்மத் தொடங்கினான்.

மணவறையில் இருந்த சண்முகவடிவு மாலையும் கழுத்துமாக எழுந்தாள். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு பந்தலைக் கடந்து வந்தாள். "தள்ளி உக்காருங்க," என்று சொல்லிவிட்டு அவளே பஸ்ஸில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனுக்கு உலகமே கிடைத்த மாதிரி இருந்தது. நாதஸ்வரக்காரர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வாசிக்க, ஐயர் ஜன்னல் வழியாகத் தாலியை நீட்ட, பத்து இருபத்தொன்பதுக்கு மூன்று முடிச்சும் விழுந்தது.

அட்சதை தூவக் கை தூக்கிய திருமலையாண்டி அப்படியே நின்றார். மகளையும் மருமகனையும் விரல்விட்டு எண்ணினார். சட்டைப் பையிலிருந்து பேப்பரை எடுத்து வகுத்தார்.

"இப்ப வண்டியில ஆளு ரெண்டு! ஆளுக்கு ஆவுறது சரிபாதியாக் குறைஞ்சுட்டே!"

வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆவுடையப்பன் முன்னால் வந்தார். "அப்ப ஒரு பிள்ளை பொறந்துட்டா இன்னும் குறையும் சம்பந்தி. நாலஞ்சு ஆயிட்டுன்னு வையுங்க, பஸ்ஸே நமக்கு டீசலைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிச்சிரும்."

திருமலையாண்டி ஒரு நிமிஷமும் வீணாக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, இருக்கிறதிலேயே பெரிய அண்டாவைத் தூக்கி வந்து டாங்கிக்குக் கீழே வைத்தார்.